எரிமலைக் குழம்பை அறுத்த ஓடை: நம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அஜந்தாவுக்குச் சுற்றுலா போய் வரும் ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பிள்ளைகள் முதலில் ஓவியங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்புறம் யாராவது ஒருவர், “அந்தப் பாறையெல்லாம் எரிமலைக் குழம்பாமே, நம்ம பக்கம் அது இருக்கா?” என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து பேச்சு தூண்டில் வளைவுக் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கல்வரிசை) கல், கரிசல் மண், மிதக்கும் கல், சேது என்று எங்கெங்கோ போகும். அப்படி வருகிற கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நிலவியல் படிக்காதவர்களுக்காக எழுதியது. தேர்வுக்கு உதவாது, பாறைக்கு முன்னால் நிற்கும்போது உதவும்.

ஒரு ஓடை எரிமலைப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடினால் அதில் அப்படி என்ன விசேஷம்?

எரிமலைக் குழம்பு தரையில் பரவி, ஆறி, பாறையாக இறுகும். அதன் மேல் அடுத்த குழம்பு வந்து பரவும். இப்படி அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். மேலே நிற்கிறவருக்குக் கடைசியாக வந்த அடுக்கின் தலை மட்டும்தான் தெரியும். அதையும் பெரும்பாலும் மண்ணும் புதரும் மூடியிருக்கும். கீழே எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் ஆழ்துளை போட வேண்டும். துளையில் மேலே வருவது கைத்தடிமன் கல் உருளை. ஓடை அறுத்துக் கொடுத்தால் கிடைப்பதோ முழுச் சுவர். ஒரு அடுக்கு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து காணாமல் போகிறது என்று நடந்தே பார்த்துவிடலாம்.

இன்னொன்று. அந்தச் சுவரில் எல்லோரும் பாறையைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது பாறைக்கும் பாறைக்கும் இடையிலுள்ள கோட்டை. ஒரு குழம்பு அடுக்கு பரவி இறுகுவதற்குச் சில வருடங்களோ சில பத்தாண்டுகளோ போதும். அடுத்தது வரும்வரை இருந்த இடைவெளி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கலாம். பாறையில் காலம் குறைவு, கோட்டில்தான் அதிகம். கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

நீங்கள் சொல்வது எந்த ஓடை?

மகாராஷ்டிரத்தில் அஜந்தா குகைகளுக்கு முன்னால் வளைந்தோடும் வாகோரா. வரைபடத்தில் ஆறு என்று போட்டிருக்கும். கோடையில் போகும் நம் ஊர்க்காரர்கள் அதை ஓடை என்றுதான் சொல்வார்கள், தவறில்லை. குதிரை லாடம்போல வளைந்த பள்ளத்தாக்கு அது. சுவர் செங்குத்தாக ஏறக்குறைய 75 மீட்டர் நிற்கிறது. அதில்தான் சுமார் 30 குகைகளையும் வெட்டியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மழைக்காலத்தில் அருவி விழும், ஒரே தாவலாக அல்ல, படிப்படியாக. அது ஏன் படிப்படியாக விழுகிறது என்பதற்குக் கீழே பதில் வருகிறது.

அந்தச் சுவர் தக்காண எரிமலைப் படிவின் ஒரு சிறு துண்டு. அந்தப் படிவு இன்று சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் மிஞ்சியிருக்கிறது, ஏறக்குறைய நான்கு தமிழ்நாடு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அடுக்குகளை எல்லாம் சேர்த்தால் தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டும். வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். கூம்பு மலை ஒன்று வெடித்து வந்த குழம்பு என்று படம் போட்டுக்கொள்ள வேண்டாம். தரையில் நீளநீளமாக விழுந்த பிளவுகள் வழியாகப் பொங்கிப் பரவியது. ஆந்திராவில் ராஜமுந்திரிப் பக்கம் கூட இந்தக் குழம்புப் பாறை இருக்கிறது என்றால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று பாருங்கள்.

டைனோசர்கள் அழிந்ததும் அதே காலகட்டம்தான். மெக்சிகோவில் சிக்சுலுப் பகுதியில் விழுந்த விண்கல்லை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தக்காண எரிமலை அதற்கு எவ்வளவு துணைபோனது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரே கறுப்புச் சுவர்தானே தெரிகிறது? ஒரு அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எல்லோருக்கும் ஒரே சுவராகத்தான் தெரியும். நிறத்தை விட்டுவிடுங்கள், துளைகளைத் தேடுங்கள்.

குழம்பு வெளியே வரும்போது 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடு. அதற்குள் வாயு கரைந்திருக்கும். அழுத்தம் குறைந்ததும் வாயு குமிழிகளாகப் பிரிந்து மேலே ஏறும். இதற்குள் காற்றுப்பட்ட மேற்பரப்பு ஆறத் தொடங்கிவிடும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். அடியில் புதுக் குழம்பு புகுந்து அந்தத் தோலையே மெல்ல மேலே தூக்கும். ஏறிவந்த குமிழிகள் தோலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு அப்படியே கல்லாகிவிடும். ஆகவே ஒவ்வொரு அடுக்கின் மேல்பகுதியும் துளை துளையாக இருக்கும். நடுப்பகுதி நிதானமாக ஆறியதால் துளையே இல்லாமல் கெட்டியாக, கருமையாக இருக்கும். அடிப்பாகம் மெல்லியது. சில இடங்களில் அங்கே சுண்டுவிரல் நீளத்துக்குக் குழாய் வடிவத் துளைகள் செங்குத்தாக நிற்பதைப் பார்க்கலாம்.

இது தெரிந்தால் சுவரை வாசிக்கலாம். கீழிருந்து மேலே கண்ணை ஓட்டுங்கள்: கெட்டி, பிறகு துளை, பிறகு திடீரென்று மறுபடியும் கெட்டி. அந்தத் ‘திடீர்’ இருக்கும் இடத்தில்தான் ஒரு அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்குகிறது.

கெட்டியான நடுப்பகுதி ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். வெடிப்பு ஆறும் பரப்புக்குச் செங்குத்தாக உள்ளே இறங்கும். அதனால்தான் சில இடங்களில் பாறை தூண் தூணாக நிற்கிறது. கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே கடலுக்குள் இருக்கும் செயின்ட் மேரி தீவில் இப்படிப்பட்ட தூண்களை மிக நன்றாகப் பார்க்கலாம். அது தக்காணப் படிவைவிட மூத்த பாறை, சுமார் 8.8 கோடி ஆண்டு. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்த காலத்தது.

படிக்கட்டு விஷயத்துக்கு வருவோம். துளை நிறைந்த மேல்பகுதி சீக்கிரம் கரைந்து பின்வாங்கும், கெட்டியான நடுப்பகுதி சுவராக நிற்கும். ஒன்று மாற்றி ஒன்று இப்படி நடந்தால் மலையே படிக்கட்டாகிவிடும். மன்மாட் பக்கம் ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தலை தட்டையான படிக்கட்டு மலைகள் வரும். தூங்கிவிடாதீர்கள்.

அடுக்குகளுக்கு நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறதே, அது என்ன?

இதைக் கேட்கிறவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு குழம்பு இறுகிய பிறகு எரிமலை நீண்ட காலம் அடங்கிவிட்டால், அந்தப் பாறையின் தலை வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கத் தொடங்கும். பாறையிலுள்ள இரும்பு துருவேறிச் சிவக்கும். களிமண் உண்டாகும். சில இடங்களில் தொலைவிலிருந்து வந்து படிந்த எரிமலைச் சாம்பலும் இதோடு சேர்ந்து மாறிப்போகும். பிறகு அடுத்த குழம்பு வந்து இதன் மேல் பரவும்போது அந்தச் சூட்டில் சிவப்பு மண் வெந்து இறுகும். தடிமன் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் வரை எப்படியும் இருக்கலாம். எல்லா எல்லைக்கோட்டிலும் சிவப்பு இருக்காது. இல்லாத இடத்தில் அடுத்த குழம்பு சீக்கிரமே வந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். இருந்து அரித்துப் போயிருக்கவும் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

குழம்புப் பாறையின் வயதைத் துல்லியமாகக் கணிப்பது கடினமான வேலை. ஆனால் இந்தச் சிவப்பு அடுக்குகளில் சாம்பலோடு வந்து விழுந்த சிர்கான் படிகங்கள் சில இடங்களில் கிடைக்கின்றன. சிர்கானில் யுரேனியம் சிறிதளவு இருக்கும். அது கணக்கான வேகத்தில் ஈயமாக மாறும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். கீழே ஒரு சிவப்பு, மேலே ஒரு சிவப்பு, இரண்டுக்கும் தேதி போட்டுவிட்டால் நடுவிலுள்ள குழம்பு எப்போது வந்தது என்று பிடித்துவிடலாம். படிவின் பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுக்குள் கொட்டி முடிந்தது என்று இன்று தைரியமாகச் சொல்வதற்கு இந்தக் கணக்கு பெரிய துணை.

சில இடைவெளிகள் இன்னும் நீண்டவை. அங்கே குளம் குட்டைகளே உருவாகியிருக்கின்றன. அவற்றின் சேற்றில் நன்னீர் நத்தைகள், செடிகொடிகள் எல்லாம் புதைபடிவமாகக் கிடக்கின்றன. மும்பை வொர்லியில் தவளையின் புதைபடிவமே கிடைத்திருக்கிறது. இரண்டு நெருப்புக்கு நடுவில் தவளை கத்துகிற அளவுக்கு ஊர் அமைதியாக இருந்திருக்கிறது.

அவ்வளவு கெட்டியான கல்லைத் தண்ணீரா அறுத்தது?

தண்ணீர் மட்டுமல்ல. வெள்ளம் உருட்டிக்கொண்டு வரும் கல்தான் பாதி வேலையைச் செய்கிறது. மீதியைச் செய்பவை பாறையிலேயே இருக்கும் வெடிப்புகளும் அந்த மெத்தென்ற அடுக்குகளும். அருவி விழும் இடத்தில் அடியிலுள்ள துளைப்பாறையும் சிவப்பு மண்ணும் முதலில் அரிபடும். மேலே நிற்கும் கெட்டிப்பாறைக்குப் பிடிமானம் போய்விடும். ஏற்கெனவே வெடிப்பு விட்ட பாறை தூண் தூணாகச் சரியும். அருவி ஒரு அடி பின்வாங்கும். இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கித்தான் பள்ளத்தாக்கு நீள்கிறது.

ஒரு எச்சரிக்கை: 6.6 கோடி என்பது பாறையின் வயது, பள்ளத்தாக்கின் வயது அல்ல. பாறை கிடந்து வெகு காலத்துக்குப் பிறகுதான் ஓடை அதை அறுத்தது. இந்தக் குழப்பம் வழிகாட்டிகள் பேச்சில் அடிக்கடி வரும்.

குகை வெட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?

புத்தக அறிவாக இல்லாவிட்டாலும் உளிமுனையில் தெரிந்திருக்கும். எந்தப் பாறை வெட்ட வரும், எது வெடித்து விழும் என்பது கல்தச்சருக்குத் தெரியாமல் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தொடங்கி நூற்றாண்டுக்கணக்கில் இப்படி வெட்டியிருக்க முடியாது. 24-ஆம் குகை முடிக்கப்படாமல் நிற்கிறது. அதற்குள் போய் உளித்தடங்களைப் பாருங்கள், முடிந்த குகைகளைவிட அது அதிகம் சொல்லும்.

ஓவியத்தின் நிறங்களும் அதே பாறையிலிருந்து வந்தவைதான். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண். பச்சைக்கு, குமிழித் துளைகளில் படியும் ஒருவகைப் பச்சை மண். நீலத்துக்குரிய லாபிஸ் லசுலி மட்டும் இந்த ஊர்ச் சரக்கு அல்ல, வடமேற்கிலிருந்து வணிகர்கள் கொண்டுவந்தது.

துளைகளில் மின்னும் வெள்ளைக் கற்களை எடுத்து வரலாமா?

கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். அந்தக் கற்கள் சியோலைட், கால்சைட், குவார்ட்ஸ். பிற்காலத்தில் நிலத்தடி நீர் குமிழித் துளைகளில் கொண்டுபோய் நிரப்பியவை. வேண்டுமானால் வாசலில் விற்பார்கள், பேரம் பேசத் தெரிந்தால் வாங்குங்கள்.

சரி, நம் ராமநாதபுரம் கடற்கரையில் எரிமலைப் பாறை உண்டா?

தரைக்கு மேல் கிடையாது. நாம் நிற்பது காவிரிப் படுகையின் தென்பகுதி. மணல், களிமண், சுண்ணாம்பு என்று கடலும் ஆறும் கொண்டுவந்து கொட்டிய படிவுகள் இங்கே மிகுந்த ஆழம்வரை இருக்கின்றன. வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறதல்லவா, அந்த வாயு இந்தப் படிவுகளுக்குள்ளிருந்து வருவதுதான். இவற்றுக்கெல்லாம் அடியில்தான் மதுரைப் பக்கம் வெளியே தெரியும் பழைய கடும்பாறை.

ஆனால் அக்கம்பக்கத்தில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மன்னார் வளைகுடாவில் இலங்கைப் பக்கம் 2011-இல் எண்ணெய், எரிவாயு தேடித் துளையிட்டபோது, 4,000 மீட்டருக்கும் கீழே மணற்பாறைகளுக்கு நடுவில் எரிமலைப் பாறை வந்தது. நமக்கு எதிரே இருக்கும் கடலுக்கு அடியில் ஆழத்தில் நெருப்பின் தடம் இருக்கிறது. அதை வெட்டிக் காட்ட எந்த ஓடையாலும் முடியாது, அவ்வளவுதான்.

இப்போதும் பொங்குகிற எரிமலை இந்தியாவில் அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான்.

தூண்டில் வளைவில் கொட்டியிருக்கிறார்களே, அந்தக் கறுப்புக் கல் எரிமலைக் கல்லுதானே அண்ணே?

மீனவர் ஊர்களில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இல்லை தம்பி. அது உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து லாரியில் வந்த கருங்கல். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து அழுந்தி உருவானது. அஜந்தா பாறையைவிடப் பல மடங்கு மூத்தது, 50 கோடி ஆண்டுக்குக் குறையாது.

வித்தியாசம் காண ஒரு வழி: புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கருங்கல்லில் மணி மணியாகத் தாதுக்கள் தெரியும், சில பளிச்சென்று கண்ணாடி அடிக்கும். எரிமலைக் கல் மிக நைசாக, மணி எதுவும் பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கும். வேகமாக ஆறியதால் மணி வளர நேரமில்லை. வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல் வகைதான். ராமேஸ்வரம் தீவில் இந்தக் கல் இயற்கையாகக் கிடையாது. கோயிலில் இருக்கும் கருங்கல் எல்லாம் கடல் தாண்டி வந்தாக வேண்டும்.

கரையில் சில நாள் கறுப்பு மணல் ஒதுங்குகிறதே?

அதுவும் எரிமலை இல்லை. ஹவாய்த் தீவுகளின் கறுப்பு மணல் எரிமலைப் பாறையின் தூள், இது வேறு. இங்கே கறுப்பாகத் தெரிவது இல்மனைட், மாக்னடைட் போன்ற கனமான தாதுக்கள். உள்நாட்டுப் பாறைகள் மக்கி, ஆற்றில் வந்து கடலில் சேர்ந்தவை. அலை இலேசான வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கனமானதை விட்டுவிடும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அந்த மணலுக்கு மேல் காட்டுங்கள், ஒரு பகுதி எழுந்து ஒட்டிக்கொள்ளும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது கார்னெட்.

பள்ளிப் பாடத்தில் கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று படித்தோமே? கமுதி, முதுகுளத்தூர்க் கரிசலும் அப்படித்தானா?

மகாராஷ்டிரக் கரிசலுக்கு அது சரி. தமிழ்நாட்டுக் கரிசலுக்குக் குழம்பு தேவைப்படவில்லை. இரும்பும் சுண்ணாம்பும் உள்ள பழைய பாறைகள் வறண்ட வெப்பநிலையில் மக்கினாலும், அந்த மண் தாழ்வான இடத்தில் தேங்கினாலும் அதே கறுப்புக் களிமண் உண்டாகும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் காலை விடுகிற அளவுக்கு வெடிக்கும். குணம் ஒன்றே, பிறப்பு வேறு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய்க்கு எரிமலையை யாரும் பாராட்ட வேண்டியதில்லை.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கிற கல்?

நம்பிக்கையோடு கும்பிடுகிறவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. கல்லின் வகையை மட்டும் சொல்கிறேன்.

மிதக்கக்கூடிய கல் இரண்டு வகை. ஒன்று நுரைக்கல். எரிமலை வெடிக்கும்போது குழம்பு நுரைத்து அப்படியே கண்ணாடியாக உறைவது. மாதக்கணக்கில் மிதக்கும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது வெளிவந்த நுரைக்கல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை போய் ஒதுங்கியது. நம் கரையில் எப்போதாவது நுரைக்கல் கிடைத்தால் அது விருந்தாளி, இந்த மண்ணில் பிறந்ததல்ல. இரண்டாவது, நன்றாக உலர்ந்த பவளக்கல். அதன் உட்பகுதி எல்லாம் நுண்ணிய அறைகள். காற்று அடைபட்டிருக்கும்வரை சில துண்டுகள் மிதக்கும், நீர் புகுந்ததும் அமிழும்.

வேறுபாடு காண எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு போதும். பவளம் சுண்ணாம்பு என்பதால் பொங்கும். நுரைக்கல் சும்மா இருக்கும்.

சேதுவின் அடியில் குழம்புப் பாறை இருக்கிறதா?

இல்லை. தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டருக்கு ஓடும் அந்தத் திட்டுகள் மணல்தான். அடியில் சுண்ணாம்பு கலந்த மணற்பாறையும் பவளமும். ஊரில் பெண்கடல் (பாக் நீரிணை), ஆண்கடல் (மன்னார் வளைகுடா) என்று சொல்லும் இரண்டு கடல்களின் நீரோட்டமும் வந்து சேரும் இடம், ஆகவே திட்டுகள் வருடத்துக்கு வருடம் உருமாறும். மற்ற வாதங்களுக்கு இது இடமில்லை.

அப்படியானால் அஜந்தாச் சுவர்போல ‘வெட்டிக் காட்டும்’ இடம் நம் பக்கம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை, தீவின் வடகரையில், பாக் நீரிணைப் பக்கம் நடந்து பாருங்கள். கரையை அலை அரித்திருக்கும் இடங்களில் செத்த பவளம் தளமாக வெளியே தெரியும். உயரம் அதிகமில்லை, அஜந்தாவின் 75 மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது திண்ணை உயரம்தான். ஆனால் கிட்டே குனிந்தால் வேறு கதை.

பவளம் உருண்டையாக, கவிழ்த்த சட்டி வடிவில், வளர்ந்த நிலையிலேயே நிமிர்ந்து நிற்கும். புரண்டு கிடக்காது. இதுதான் முதல் சாட்சி. புயல் தூக்கி எறிந்த குப்பையாக இருந்தால் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடக்க வேண்டும். மேல்பரப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் சில மில்லிமீட்டர் அகலத்தில் வட்ட வட்டமான கண்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தடுப்புகள். ஒவ்வொரு கண்ணும் ஒரு உயிர் குடியிருந்த வீடு. சில உருண்டைகளில் கண்களுக்குப் பதில் மூளை மடிப்புப்போல வளைந்து வளைந்து ஓடும் வரிகள். உருண்டைகளுக்கு இடையில் கிளிஞ்சலும் சுண்ணாம்பு மணலும் இறுகியிருக்கும். அதற்கு மேலே வெறும் மணல். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைதான் இங்கே நம் ‘சிவப்புக் கோடு’. நிறம் சிவப்பில்லை, வேலை அதேதான். பவளம் வளர்ந்தது நின்று, தரையாகக் கிடக்க ஆரம்பித்த கணம் அங்கேதான் இருக்கிறது.

உயிருள்ள பவளம் கடல் வற்றும் மட்டத்துக்கு மேலே வளராது, வெயில்பட்டால் செத்துவிடும். அது இன்று தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்றால் அது வாழ்ந்தபோது கடல் இன்னும் உயரத்தில் இருந்திருக்க வேண்டும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1880-களிலேயே இந்தப் பழைய பவளப்பாரைக் குறித்து எழுதியிருக்கிறார். 1972-இல் ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை இருவரும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ரேடியோ கார்பன் முறையில் வந்த வயது சுமார் 4,000 ஆண்டுகள். அஜந்தாவின் கோடிகளுக்கு முன் இது நேற்று.

நடக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரைப் பாருங்கள். கட்டடத்துக்குப் பவளக்கல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள், பூச்சு உதிர்ந்த இடங்களில் அந்தக் கண்கள் அப்படியே தெரியும். கையால் தேய்க்காமல் பாருங்கள், ஏற்கெனவே உப்புக்காற்று தின்றது போதும்.

கடல் இறங்கியதா, நிலம் ஏறியதா?

இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். நான் கடல் பக்கம். இலங்கை உட்பட இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் இதே காலத்தில் கடல் ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்து நின்றதற்குத் தடயம் இருக்கிறது. எல்லா நிலமும் ஒரே நேரத்தில் எழுந்தது என்பதைவிடக் கடல் இறங்கியது என்பது எளிய விளக்கம். பனிப்பாறைகள் உருகிச் சேர்ந்த தண்ணீரின் எடை கடலடியை மெல்ல அமுக்கியது, நீர் அந்தப் பள்ளத்தில் போய் நிரம்பியது, கரைகளில் மட்டம் சற்றே தாழ்ந்தது. நிலமும் கொஞ்சம் அசைந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை.

நம் ஆறுகள் எதையுமே அறுக்கவில்லையா?

அறுத்தன, கடல் வந்து மூடிவிட்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். ஆகவே அது அப்போது முழுக்கத் தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். ஆறுகள் இன்றைய கரையோடு நிற்காமல் அந்தச் சமவெளியைக் கடந்து, தாழ்ந்துபோன கடலைத் தேடி ஓடின. கடல் திரும்பி வந்தபோது அந்தத் தடங்கள் சேறும் மணலுமாக நிரம்பின.

இன்றைய வைகையைப் பார்த்தால் இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். வருசநாட்டில் புறப்பட்டு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. உபரி வந்தால்தான் ஆற்றங்கரை வழியாகக் கடலைப் பார்க்கும். அந்த முகத்துவாரத்தில் இருக்கும் அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, அதாவது ஒரு காலத்தில் கப்பல் வணிகம் நடந்த துறை.

சின்ன அளவில் அறுப்பைப் பார்க்க ஆசையா? காரங்காட்டு அலையாத்திக் காட்டுக் கழியில் நீர் வற்றியிருக்கும்போது கரையின் ஓரத்தைக் கவனியுங்கள். கறுப்புச் சேறு, கிளிஞ்சல், மணல் எந்த வரிசையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது கிணறு வெட்டினால் போய் எட்டிப் பாருங்கள், அதுவும் அதே பாடம்தான்.

இதற்கும் குடிதண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. குழம்பு நாட்டில் தண்ணீர் துளைப்பாறையிலும் வெடிப்பிலும் நிற்கும். சிவப்புக் களிமண் அதைக் கீழே விடாது. பள்ளத்தாக்குச் சுவரில் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே வரிசையாக ஊற்று கசிந்தால் காரணம் இதுதான்.

நம் கரையில் தண்ணீரைப் பிடித்து வைப்பது மணல். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மழைநீர் உப்புநீரைவிட இலேசு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மோட்டார் போட்டு அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எப்போது போகலாம்? என்ன கொண்டுபோக வேண்டும்?

அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இது தெரியாமல் போய்த் திரும்பியவர்கள் உண்டு. அருவி வேண்டுமானால் ஆகஸ்டு, செப்டம்பர். அடுக்குகள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் மழை விட்டுப் புல் காய்ந்த பிறகு. ரயிலில் ஜல்காவ்ன் வரை போய் அங்கிருந்து சாலை வழி. எதிர்ப்பக்க மேட்டில் இருக்கும் பார்வையிடத்துக்குக் கட்டாயம் ஏறுங்கள். குகைக்குள் நின்றால் லாட வளைவு தெரியாது.

பாம்பன் கரைக்கு நல்ல செருப்பு, தொப்பி, ஒரு பூதக்கண்ணாடி போதும். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும் நேரத்தை அந்த ஊர் மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பவளத்தில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டுக்கும் விலக்கு இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கவும் முடியாது. எலுமிச்சைச் சோதனையை வீட்டில் கிடக்கும் பழைய சுண்ணாம்புக்கல்லில் செய்து பாருங்கள், கரையில் வேண்டாம்.